ஒரு கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸ் மொத்த ஆலையையும் முடக்குவது எப்படி? ஸ்விட்சில் போடும் 'ஏசிஎல்' பட்டியல் என்ன செய்யும்? முழு விளக்கம்

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை, 2022 நவம்பர் 23. திடீரென சர்வர்கள் முடங்கின. வெளிநோயாளிகள் பதிவு, லேப் ரிசல்ட், பில் எல்லாமே மீண்டும் பேப்பருக்கும் பேனாவுக்கும் திரும்பின. நாட்டின் மிகப் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒன்று பல நாட்கள் கையால் எழுதியே ஓடியது.

காரணம் என்ன என்ற கேள்விக்கு மத்திய அரசு பின்னர் மாநிலங்களவையில் எழுத்துப்பூர்வமாகப் பதில் சொன்னது. நெட்வொர்க் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படவில்லை, அதனால்தான் சர்வர்களுக்குள் ஊடுருவ முடிந்தது என்பதே அந்தப் பதிலின் சாரம். 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன. சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் இ-ஹாஸ்பிடல் டேட்டாவை மீட்க முடிந்தது.

'பகுதி பகுதியாகப் பிரிப்பது' என்று அரசு சொன்ன அந்த வேலையை, ஒரு சாதாரண ஆலையிலோ அலுவலகத்திலோ செய்வது ஸ்விட்ச் என்ற பெட்டியும், அதற்குள் எழுதி வைக்கும் ஒரு பட்டியலும்தான். அந்தப் பட்டியலுக்குப் பெயர் ஆக்சஸ் கன்ட்ரோல் லிஸ்ட், சுருக்கமாக ஏசிஎல்.

சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை பக்கத்திலிருந்து போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தூரத்து டெல்லிக் கதை இல்லை. உங்கள் ஆலையின் நெட்வொர்க் ரூமிலும் அதே பெட்டிதான் இருக்கிறது. அதில் பட்டியல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஓசூர் பகுதிக்கு இது ஏன் முக்கியம்?

ஓசூரில் டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற பெரிய ஆலைகள் இருக்கின்றன. போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக் ஆலை இருக்கிறது. இவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு, குறு நிறுவனங்கள் ஏராளம். லேத், பிரஸ், மோல்டிங் என்று 20 பேர், 50 பேர் வேலை செய்யும் யூனிட்டுகள்.

"நம்மகிட்ட என்ன இருக்கு, நம்மளை யார் ஹேக் பண்ணப் போறா?" என்பது இங்கே பலரின் நினைப்பு. ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள்.

2022 மார்ச் 1. டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் உள்ள தன் 14 ஆலைகளையும், அவற்றின் 28 உற்பத்தி லைன்களையும் ஒரு நாள் நிறுத்தியது. தாக்கப்பட்டது டொயோட்டா அல்ல. அதற்கு பிளாஸ்டிக் உதிரிபாகம் செய்து கொடுக்கும் கொஜிமா இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம். அந்த நிறுவனத்தின் ஒரு துணை நிறுவனம், வெளியிலிருந்து இணைவதற்காக வைத்திருந்த கருவி வழியாகத்தான் தாக்குதல்காரர்கள் உள்ளே வந்தார்கள். அங்கிருந்து துணை நிறுவனம், பிறகு தாய் நிறுவனம் என்று பரவினார்கள். சுமார் 13,000 வண்டிகளின் உற்பத்தி தடைபட்டது.

நம்ம ஊர்ப் பக்கமும் இதற்கு உதாரணம் உண்டு. 2017 மே மாதம் உலகையே உலுக்கிய 'வான்னாக்ரை' வைரஸ், சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையையும் பாதித்ததாக அப்போது செய்திகள் வெளியாகின. யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே, ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்தடுத்த விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குத் தானாகத் தாவும் திறன் அந்த வைரஸுக்கு இருந்தது. அது தாவிய வழி 445 என்ற எண் கொண்ட ஒரு போர்ட். ஃபைல் ஷேரிங்குக்குப் பயன்படும் கதவு அது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் வரும்.

ஸ்விட்ச் என்றால் என்ன?

ஆலையில் உள்ள கம்ப்யூட்டர், பிரிண்டர், சிசிடிவி கேமரா, மெஷினை இயக்கும் பிஎல்சி எல்லாவற்றின் கேபிளும் வந்து சேரும் பெட்டிதான் ஸ்விட்ச். யார் யாருக்கு அனுப்பும் டேட்டாவையும் வாங்கி, சரியான கேபிளில் தள்ளிவிடும்.

பிரச்சினை என்னவென்றால், வாங்கி வந்து அப்படியே மாட்டினால் ஸ்விட்ச் யாரையும் கேள்வி கேட்காது. ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர் கம்ப்யூட்டரும், ஷாப் ஃப்ளோரில் ஓடும் சிஎன்சி மெஷினும், வாசலில் உள்ள கேமராவும், விருந்தாளி போனும் ஒரே தெருவில் குடியிருக்கும். ஒருவர் வீட்டில் தீப்பிடித்தால் தெருவே எரியும்.

இதைத் தடுக்க இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலில் தெருக்களைப் பிரிக்க வேண்டும். இதற்கு 'விலேன்' என்று பெயர். ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளை உருவாக்கும் முறை இது. அடுத்து, தெருக்கள் சந்திக்கும் இடத்தில் செக்போஸ்ட் போட வேண்டும். அந்த செக்போஸ்ட்தான் ஏசிஎல்.

விலேன் மட்டும் பிரித்துவிட்டு ஏசிஎல் போடாமல் விட்டால்? லேயர் 3 ஸ்விட்ச் அந்தத் தெருக்களுக்கு இடையே தாராளமாக வழி விட்டுவிடும். பல இடங்களில் நடக்கும் தவறு இதுதான். "விலேன் போட்டாச்சு, சேஃப்" என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏசிஎல் எப்படி வேலை செய்கிறது?

ஓசூரைத் தாண்டி பெங்களூரு போகிற வழியில் ஜூஜூவாடி செக்போஸ்ட் இருக்கிறது. அங்கே நிற்கும் அதிகாரி கையில் ஒரு பட்டியல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஒவ்வொரு வண்டியையும் பட்டியலின் முதல் வரியிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார். எந்த வரி பொருந்துகிறதோ, அதில் 'விடு' என்று இருந்தால் விடுவார். 'நிறுத்து' என்று இருந்தால் நிறுத்துவார். பொருந்திய பிறகு கீழே உள்ள வரிகளைப் படிக்கவே மாட்டார்.

ஏசிஎல் அப்படியேதான். வண்டிக்குப் பதில் டேட்டா பாக்கெட். 'விடு' என்பது பெர்மிட். 'நிறுத்து' என்பது டினை. வண்டி எண்ணுக்குப் பதில் ஐபி முகவரி. என்ன சரக்கு என்பதற்குப் பதில் போர்ட் எண்.

இதில் மூன்று விதிகளை மறக்கவே கூடாது.

1. மேலிருந்து கீழ்: முதலில் பொருந்தும் வரியே முடிவு. வரிசை மாறினால் அர்த்தமே மாறிவிடும்.

2. எழுதாத கடைசி வரி: பட்டியலில் எந்த வரியும் பொருந்தவில்லை என்றால் அந்தப் பாக்கெட் நிறுத்தப்படும். கண்ணுக்குத் தெரியாத 'எல்லாவற்றையும் நிறுத்து' என்ற வரி கடைசியில் எப்போதும் இருக்கிறது.

3. திசை: செக்போஸ்ட்டில் போகிற வண்டிக்குத் தனி, வருகிற வண்டிக்குத் தனி. ஏசிஎல்லை 'இன்', 'அவுட்' என்று திசை சொல்லித்தான் மாட்ட வேண்டும். 'இன்' என்றால் ஸ்விட்சுக்குள் வருவது. 'அவுட்' என்றால் ஸ்விட்சிலிருந்து வெளியே போவது. ஸ்விட்சின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும், உங்கள் கம்ப்யூட்டரின் இடத்தில் நின்று அல்ல.

ஸ்டாண்டர்ட், எக்ஸ்டெண்டட் - என்ன வித்தியாசம்?

சிஸ்கோ ஸ்விட்சுகளில் இரண்டு வகை அதிகம் புழக்கத்தில் இருக்கிறது.

ஸ்டாண்டர்ட் ஏசிஎல்: எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்க்கும். எண்கள் 1 முதல் 99 வரை, 1300 முதல் 1999 வரை.

எக்ஸ்டெண்டட் ஏசிஎல்: எங்கிருந்து, எங்கே, எந்த போர்ட் என எல்லாம் பார்க்கும். எண்கள் 100 முதல் 199 வரை, 2000 முதல் 2699 வரை.

எண்ணுக்குப் பதில் பெயரும் வைக்கலாம். பெயர் வைப்பதே நல்லது. இரண்டு வருடம் கழித்து வேலைக்கு வருகிறவருக்கு '101' என்றால் எதுவும் புரியாது. 'மெஷின்-பாதுகாப்பு' என்றால் புரியும்.

ஒரு சின்ன ஆலையை வைத்துப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம்.

• விலேன் 10 - அலுவலகம்: 192.168.10.0
• விலேன் 20 - மெஷின்கள்: 192.168.20.0
• விலேன் 30 - சிசிடிவி: 192.168.30.0
• விலேன் 40 - விருந்தினர் வைஃபை: 192.168.40.0
• விலேன் 50 - சர்வர்: 192.168.50.0

மெஷின்களோடு உண்மையில் பேச வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒன்று, பராமரிப்பு இன்ஜினியரின் கம்ப்யூட்டர் (192.168.10.25). இன்னொன்று, உற்பத்திக் கணக்கை எடுக்கும் சர்வர் (192.168.50.10). பிஎல்சிக்கள் மோட்பஸ் முறையில் பேசுகின்றன என்றால் போர்ட் எண் 502.

விலேன் 20-க்கு 'அவுட்' திசையில், அதாவது மெஷின்களை நோக்கிப் போகும் டேட்டாவுக்குப் போடும் பட்டியல் இப்படி இருக்கும்:

10 - பெர்மிட் - 192.168.10.25-லிருந்து 192.168.20.0-க்கு, டிசிபி 502
20 - பெர்மிட் - 192.168.50.10-லிருந்து 192.168.20.0-க்கு, டிசிபி 502
30 - டினை - யாராக இருந்தாலும், எதுவாக இருந்தாலும், லாக்

அவ்வளவுதான், மூன்று வரி. அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரில் வான்னாக்ரை மாதிரி ஒன்று புகுந்து 445 வழியாக மெஷின் பக்கம் தாவப் பார்த்தால், முதல் இரண்டு வரியும் பொருந்தாது. மூன்றாவது வரியில் நின்றுவிடும். விருந்தினர் வைஃபையில் இருக்கும் போனும் அதே வரியில் நிற்கும்.

கடைசி டினை வரி தானாகவே இருக்கிறதே, ஏன் எழுத வேண்டும்? எழுதினால்தான் எத்தனை பாக்கெட் அதில் மோதியது என்பதைப் பார்க்கவும், லாக் எடுக்கவும் முடியும்.

வரி எண்கள் 10, 20, 30 என்று இடைவெளி விட்டு இருப்பதைக் கவனித்தீர்களா? நாளைக்கு நடுவில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றால் 15 என்று கொடுத்துச் செருகலாம்.

இந்தப் பட்டியல் ஒரு திசைக்கு மட்டும். மெஷின் பக்கத்து விண்டோஸ் கம்ப்யூட்டரில் யாரோ பென்டிரைவ் செருகி, அங்கிருந்து வைரஸ் அலுவலகத்துக்கு வந்தால்? அதற்கு 'இன்' திசையில் இன்னொரு பட்டியல் வேண்டும். அப்படிப் போடும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. ஏசிஎல்லுக்கு ஞாபகசக்தி கிடையாது. இன்ஜினியர் கேட்ட கேள்விக்கு மெஷின் பதில் சொல்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் பதில் டேட்டாவுக்கும் வழி விட வேண்டும். டிசிபிக்கு 'எஸ்டாப்ளிஷ்டு' என்ற சொல்லைச் சேர்த்தால், ஏற்கெனவே தொடங்கிய உரையாடலின் பதில்களை விட்டு, புதிதாகத் தொடங்குவதை நிறுத்தலாம்.

வரிசை மாறினால் என்ன ஆகும்?

ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

10 - டினை - 192.168.10.0 நெட்வொர்க் முழுக்க
20 - பெர்மிட் - 192.168.10.25

பார்க்க சரியாகத்தான் இருக்கிறது. "ஆபீஸ் முழுக்க வேண்டாம், இன்ஜினியர் மட்டும் போகட்டும்." ஆனால் இன்ஜினியரின் கம்ப்யூட்டரும் 192.168.10.0 நெட்வொர்க்கில்தானே இருக்கிறது? முதல் வரியிலேயே அவர் நின்றுவிடுவார். இரண்டாவது வரியை ஸ்விட்ச் படிக்கவே படிக்காது. தனி ஆளுக்கான விதி மேலே, கூட்டத்துக்கான விதி கீழே. இதுதான் சரியான வரிசை.

வைல்டுகார்டு மாஸ்க் - பலர் தடுக்கி விழும் இடம்

சிஸ்கோவின் ஐஓஎஸ் ஸ்விட்சுகளில் ஏசிஎல் எழுதும்போது சப்நெட் மாஸ்க் போடக் கூடாது. அதைத் தலைகீழாக்கிய வைல்டுகார்டு மாஸ்க் போட வேண்டும். கணக்கு சுலபம். ஒவ்வொரு எண்ணையும் 255-லிருந்து கழியுங்கள்.

• 255.255.255.0 என்றால் 0.0.0.255
• 255.255.255.192 என்றால் 0.0.0.63

0 என்றால் 'கண்டிப்பாகப் பொருந்த வேண்டும்', 255 என்றால் 'எதுவாக இருந்தாலும் பரவாயில்லை' என்று அர்த்தம். பழக்கதோஷத்தில் 255.255.255.0 என்றே போட்டுவிட்டால், முதல் மூன்று எண்களைப் பார்க்காமல் கடைசி எண்ணை மட்டும் பார்க்கும் விதியாக அது மாறிவிடும். எரர் எதுவும் வராது. பாதுகாப்பும் இருக்காது. வேறு சில கருவிகளில் சப்நெட் மாஸ்க்கையே கேட்கும். அதனால் உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஏசிஎல்லில் ஒரு வரி தப்பினால் லைன் நிற்கும். அதனால் நிதானமாக, இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் பேப்பர். எந்தக் கருவி எதனோடு, எந்த போர்ட்டில் பேசுகிறது என்று எழுதுங்கள். ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசரிடமும் கேளுங்கள். ஐடி ஆட்களுக்குத் தெரியாத ஒரு பழைய பிரிண்டரோ, வாரம் ஒருமுறை ஓடும் ரிப்போர்ட்டோ அவருக்குத் தெரிந்திருக்கும்.

2. மறந்துபோகும் சில்லறை வேலைகளைச் சேருங்கள். பெயரைத் தேடும் டிஎன்எஸ் (53), ஐபி வழங்கும் டிஹெச்சிபி (67, 68), நேரம் சரிசெய்யும் என்டிபி (123). ஏசிஎல் போட்ட மறுநாள் "நெட் வரலை சார்" என்று போன் வந்தால், பாதி நேரம் காரணம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

3. இப்போதைய கான்ஃபிகரேஷனை ஒரு காப்பி எடுத்து வைக்கவும்.

4. நேரம் பார்க்கவும். ஷிஃப்ட் ஓடும்போது வேண்டாம். லைன் நிற்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

5. பட்டியலை முழுதாக எழுதிய பிறகே மாட்டவும். காலிப் பட்டியலை முதலில் மாட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு வரியாக அடித்தால், முதல் வரி விழுந்த கணமே எழுதாத அந்தக் கடைசி டினை வரி வேலை செய்யத் தொடங்கிவிடும். நீங்களே வெளியே நிற்க வேண்டியதுதான்.

6. திரும்பி வர வழி வைக்கவும். சிஸ்கோவில் 'ரீலோட் இன் 10' என்று கொடுத்தால், 10 நிமிடத்தில் ஸ்விட்ச் தானாக ரீஸ்டார்ட் ஆகும். புதிய ஏசிஎல்லை சேவ் செய்யாமல் மாட்டுங்கள். தவறு நடந்து தொடர்பு அறுந்தால், ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் அந்த ரீலோடை ரத்து செய்துவிட்டு சேவ் செய்யுங்கள். ரத்து செய்ய மறந்தால், நல்லா ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகிவிடும், ஜாக்கிரதை.

7. சோதித்துப் பார்க்கவும். போக வேண்டியது போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. போகக் கூடாதது நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விருந்தினர் வைஃபையிலிருந்து ஒரு மெஷினைத் தொட முயன்று பாருங்கள்.

ஸ்விட்சுக்கே பூட்டு வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். எல்லாக் கதவுக்கும் காவல் போட்டுவிட்டு, சாவிக்கொத்தைத் திண்ணையில் வைத்தால் என்ன பயன்? ஸ்விட்சுக்குள் லாகின் செய்ய எந்த ஐபிக்களுக்கு அனுமதி என்று தனியாக ஒரு சின்ன ஏசிஎல் போட முடியும். இன்ஜினியரின் கம்ப்யூட்டர், ஐடி பொறுப்பாளரின் கம்ப்யூட்டர், அவ்வளவு போதும். டெல்நெட் (23) வேண்டாம். அதில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலே போகும். எஸ்எஸ்ஹெச் (22) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசிஎல் இருந்தால் போதுமா?

போதாது. அதன் எல்லைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

• ஒரே விலேனுக்குள் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதை மேலே சொன்ன ஏசிஎல் பார்க்காது. அவை செக்போஸ்ட் பக்கமே வருவதில்லை. அதற்கு போர்ட் ஏசிஎல், விலேன் ஏசிஎல் என்று வேறு வகைகள் உண்டு.

• அனுமதித்த போர்ட்டில் வருவது நல்லதா கெட்டதா என்று ஏசிஎல் பிரித்துப் பார்க்காது. வண்டி எண் சரி என்றால் விட்டுவிடும், டிக்கியைத் திறந்து பார்க்காது. அந்த வேலைக்கு ஃபயர்வால் வேண்டும்.

• கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் 'அன்மேனேஜ்டு' ஸ்விட்சுகளில் இதைச் செய்யவே முடியாது.

• பேக்கப், விண்டோஸ் அப்டேட் இரண்டுக்கும் ஏசிஎல் மாற்று கிடையாது. எய்ம்ஸை மீட்டது தனியாகத் தப்பித்த பேக்கப் சர்வர்தான். வான்னாக்ரைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே, தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

தாக்குதல் நடந்துவிட்டால்?

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, ரான்சம்வேர் போன்ற சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் சொல்ல வேண்டும். லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். செர்ட்-இன் கட்டணமில்லா எண்: 1800-11-4949. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்கவும்.

ஏசிஎல்லின் டினை வரியில் 'லாக்' என்று போட்டதன் அருமை அப்போதுதான் தெரியும். எந்த ஐபி, எத்தனை மணிக்கு, எந்தக் கதவைத் தட்டியது என்ற கேள்விக்குப் பதில் அதில் இருக்கும். லாக்குகள் ஸ்விட்சிலேயே இருந்தால் ரீஸ்டார்ட்டில் அழிந்துபோகலாம், அதனால் தனி லாக் சர்வருக்கு அனுப்பி வையுங்கள்.

நாளைக்கே கேட்க வேண்டிய 3 கேள்விகள்

ஓனரோ, ஐடி பொறுப்பாளரோ, டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியனோ, யாராக இருந்தாலும் இதைக் கேட்கலாம்.

1. விருந்தினர் வைஃபையில் இருக்கும் போனால் நம் மெஷினைத் தொட முடியுமா?
2. மெஷின் சப்ளையர் ரிமோட்டில் சர்வீஸ் பார்க்க வருகிறாரே, அவர் எந்த வழியாக வருகிறார், எது வரைக்கும் போக முடியும்?
3. ஸ்விட்சில் ஏசிஎல் இருந்தால், அதன் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று இப்போது இங்கே யாருக்காவது தெரியுமா?

இரண்டாவது கேள்விக்கு "தெரியலையே" என்று பதில் வந்தால், கொஜிமாவுக்குள் தாக்குதல்காரர்கள் வந்ததும் அப்படி ஒரு ரிமோட் வழியாகத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழிக்கான பட்டியலை முதலில் எழுதுங்கள்.